அண்ணி கொடுத்த ஈரல்

நம்பாதவர்கள் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்து, என் வீட்டுச் சுவரில் காதை வைத்துப் பார்க்கலாம். காப்பி நானே போட்டுத் தருகிறேன். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் என்று எனக்குப் பெயர். நுழைத்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

அடுத்த வீடு யாமினி. கல்யாணம் ஆகாதவள், வங்கியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். போன வருடம் அவளுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. அண்ணன் மனைவி விசாலாட்சி தன் ஈரலில் பாதியைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்பது மரியாதைக்கு. "அண்ணிக்கு என்னக்கா, பிள்ளையா குட்டியா? குடுக்கட்டும்லா," என்று யாமினி என்னிடம் சொன்னபோது, விசாலாட்சி அங்கேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் யாமினிக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு சாயங்காலம் விரால் மீன் சூப்போடு போனேன். பார்த்துக்கொள்ள வந்திருந்த விசாலாட்சி, சுவா சூ காங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பினாள். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. மணி 6.40.

அப்போதுதான் அந்த முனகல். பச்சைக் குழந்தை பாலுக்குச் சிணுங்குமே... அப்படி. டிவியா என்று திரும்பினேன். டிவி அணைந்திருந்தது.

"உங்களுக்கும் கேக்குதாக்கா?" யாமினியின் முகம் வெளுத்திருந்தது. "அண்ணி கிளம்புனா மட்டும் அழுவுது."

"எங்கேருந்து?"

போர்வையை விலக்கினாள்.

குனிந்தேன்.

வலது விலாவுக்குக் கீழே... தையலுக்கு உள்ளேயிருந்து...

சூப் கிண்ணம் என் கையில் இல்லை. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க யாமினியும் விசாலாட்சியும் போனார்கள். நானும் போனேன், துணைக்குத்தான். காய்ச்சலுக்குக் காரணம் தேடி, ஈரல் கொடுத்தவரின் செல்கள் யாமினியின் ரத்தத்தில் கலந்திருக்கின்றனவா என்று சோதித்திருந்தார்கள். கலந்திருந்தன. கூடவே, மூன்றாவதாக ஒருவருடைய செல்களும். ஆண்.

"உங்களுக்கு மகன் உண்டாம்மா?" என்று டாக்டர் விசாலாட்சியைக் கேட்டார். வயிற்றில் இருந்த பிள்ளையின் செல்கள் தாயின் உடம்பில் பல வருடம் தங்குமாம். ஈரலோடு வந்திருக்கலாமாம்.

"ஆறாம் மாசம் கலைஞ்சிருச்சு, டாக்டர். வீட்ல அதையெல்லாம் பிள்ளைன்னு கணக்குல வைக்கல." பிறகு அவளே கேட்டாள். "அது... உயிரோடயா இருக்கு?"

"செல்கள் உயிரோடதான் இருக்கு."

மருந்தைக் கூட்டி, ரத்தத்தில் கலந்து உடம்பைத் தாக்கும் அந்நியச் செல்கள் எல்லாவற்றையும் அழித்தால்தான் யாமினி பிழைப்பாள் என்றார்.

"கொன்னுடுங்க டாக்டர்," என்றாள் யாமினி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

விசாலாட்சி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று போனவள், புருஷன் வீட்டுக்கும் திரும்பவில்லை.

தடிப்பு மறைந்தது. யாமினி வேலைக்குப் போகிறாள். அழுகை மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கிறது. தட்டிக்கொடுக்க ஆள் இல்லை.

போன வாரம் மறுசோதனையின் முடிவு வந்தது.

ரத்தத்தில் அண்ணியின் செல் ஒன்றுகூட மிச்சமில்லை.

பையனுடையது இருக்கிறது... முன்பைவிட அதிகமாக.