ஜல்தி கழுவுடி!

சென்ற வெள்ளிக்கிழமை ஒரே விழாவில் ஒரே பாட்டை ஒன்பது முறை கேட்டேன். பெற்றோரின் அருமையைச் சொல்லும் உருக்கமான பாட்டு. முதல் முறை நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மூன்றாவது முறை கொட்டாவி வந்தது. ஒன்பதாவது முறை... பெற்றோரே வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

இடம் - திண்டிவனத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாமே. பிள்ளைகள் வரிசையாக மேடைக்கு வந்து, தாய் தகப்பன் காலைக் கழுவிப் பூப்போடும் விழா. துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கும் மேடையில் ஒரு நாற்காலி. ஓய்வு பெற்றவர்களின் தலையாய பணியே நாற்காலியை நிரப்புவதுதானே?

வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர். அழ வைப்பதில் கைதேர்ந்தவர். விளக்கை அணைக்கச் சொன்னார். "கண்ண மூடுங்க பசங்களா... நாளைக்குக் காலையில எழுந்து பாக்கறீங்க... அம்மா இல்ல!" உடனே பாட்டு. கூடம் முழுக்கக் கேவல். தலைமையாசிரியர் கர்சீப்பை எடுத்துவிட்டார்.

விளக்கு வந்தபோது மேடை ஓரம் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் ஒரு விண்ணப்பம்.

"சார், ஒரு கையெழுத்து சார்..."

"விழா முடியட்டும்மா" என்றார் தலைமையாசிரியர், கண்ணைத் துடைத்தபடி. "இது உங்களுக்காக நடக்கற விழாதானே?"

நான் கைகாட்டி அழைத்து விசாரித்தேன். பெயர் அஞ்சலை. திருவக்கரை பக்கம் கூலி வேலை. மகள் சத்யா இங்கே ப்ளஸ் ஒன். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். பள்ளிக்குப் பக்கத்திலேயே அரசு விடுதி இருக்கிறது. அதில் சேர விண்ணப்பம்; தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"மூணு நாளா வர்றேன் சார். விழா வேல கீது, விழா வேல கீதுன்னு சொல்லிக்கினே கீறாங்க. இன்னிக்கி உட்டா சீட்டு போச்சு சார்."

மணி மூன்றரை. பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி விழுப்புரம் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் ஆபீசைத் தேட வேண்டும். உரிய இருக்கையில் உரிய எழுத்தர் இருக்க வேண்டும். அந்தப் பிரார்த்தனையை முப்பது வருடம் மேசைக்கு மறுபக்கத்திலிருந்து கேட்டவன் நான்.

அதற்குள் மைக்கில் சத்யாவின் பெயர். அஞ்சலையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தண்ணீர் படாமல் இருக்க விண்ணப்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் கீழே உட்கார்ந்து சொம்பைச் சாய்த்தாள். பாட்டு - ஏழாவது முறை.

"ஜல்தி கழுவுடி, பஸ்ஸு பூடும்!"

சத்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும். கூடமே அழுதுகொண்டிருக்க, இவர்கள் இருவர் மட்டும் குலுங்கிக் குலுங்கி...

பேச்சாளர் மைக்கை நீட்டினார். "அம்மா, இந்த நொடி உங்க மனசுல என்ன தோணுது?"

"கையெழுத்து போட்டாக்கா கெளம்பிடுவோம் சார்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன். "அழுதுக்கிட்டே கையெழுத்துப் போடலாம் சார். விதியில தடை இல்ல."

போட்டார். தேதியை மறந்தார், நினைவூட்டினேன். முத்திரை இருந்த பீரோ சாவி அவர் பையிலேயே இருந்தது. மூன்று நாள் ஆகாத வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. "ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க" என்று சொல்லி என் போன் நம்பரைக் கொடுத்தேன். ஈரக் காலோடு ஓடினார்கள். மேடை முழுக்கத் தண்ணீர்த் தடம். பாட்டு தொடர்ந்தது.

ஆறரை மணிக்குப் போன்.

"குடுத்துட்டோம் சார்! சீட்டும் வாங்கிட்டேன். சத்யாவுக்கு எடம் கெடச்சிடும்னு ஆபீஸ்ல கீற மேடமே சொல்லிச்சு. இப்ப பஸ்ல வந்துகினு கீறோம். இங்கியும் அதே பாட்டப் போட்டுக்கினு கீறான் சார், ஒரே பேஜாரு!"

பின்னணியில் கேட்டது. பத்தாவது முறை.

"சத்யா சந்தோஷமா இருக்காளா?"

"எங்க சார்... அங்க இளிச்சிட்டு இங்க வந்து அழுவுது. ஆஸ்டலுக்குப் போனா உன்ன உட்டுட்டு எப்டிமா இருப்பேன்னு கேக்குது. நீங்களே எதுனா சொல்லுங்க சார்!"

போனை மகளிடம் கொடுத்துவிட்டார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

எந்த விண்ணப்பத்துக்கும் பதில் வைத்திருப்பவன் நான். "சனி ஞாயிறு அம்மாகிட்ட போகலாம்மா, விதியில தடை இல்ல" என்று பாட்டை மீறிக் கத்தினேன்.