மூன்று விரல் திறந்த கதவு

போன வாரம் என் மகள் புது ஃபிரிட்ஜ் வாங்கவேண்டும் என்று கைப்பேசியில் படம் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை லிட்டர், எத்தனை நட்சத்திரம், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று வீடே கூடிப் பேசியது. இதிலெல்லாம் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்கு என்னவோ, "கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?" என்று கேட்டுவிட்டேன். "இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஆரணியில் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். கல்யாணமான மறுவருஷமே சர்க்கரை நோய் என்று தெரிந்து, புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். காலையும் மாலையும் கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்து, தன் தொடையில் தானே குத்திக்கொள்வாள். மருந்துக்கு வேலூர் போகவேண்டும். சேர்த்து வாங்கிவந்து, ஈரமணல் போட்ட பானைக்குள் வைப்போம். அந்தச் சித்திரை வெயிலில் பானைக்குள்ளேயே மருந்து கெட்டுப்போய், அத்தை பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டாள். பிழைத்ததே பெரிது. "ஃபிரிட்ஜ் வாங்கி அதுல வையுங்க. இல்லனா அடுத்த தடவ என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா ஒரு பட்டிழையை எடுத்துக்கொண்டு வேலூர்க் கடைக்குப் போனார். பெட்டியின் உயரத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு, பக்கவாட்டுக்கு ஒரு முடிச்சு. திரும்பி வந்து அதே இழையால் வீட்டை அளந்தார். எங்கள் கூடம் முழுக்கத் தறி. அப்பா கால் இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழியிலிருந்து எதிர்க்கோடிவரை பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்த பட்டிழைகள், விறைப்பாக நிற்கும். கோடியில் நட்ட மரத்தூணில் அதைக் கயிற்றால் கட்டியிருக்கும். தூணைத் தாண்டி, சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு மூலை. முடிச்சுகள் மூன்றும் அங்கே கச்சிதமாகப் பொருந்தின.

கடைக்காரர் சொன்னதை எல்லாம் அப்பா பக்தியோடு செய்தார். தனியாக ப்ளக் போட்டு, எர்த் கம்பி இறக்கினார். சாயங்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கும் என்று ஸ்டெபிலைசர் வாங்கினார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்தார். பின்வாசல் வழியாக நாலு பேர் பெட்டியைத் தூக்கிவந்து இறக்கினார்கள். ஒரு நாள் முழுக்க அது ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும், அப்புறம்தான் கரண்ட் கொடுக்கவேண்டுமாம். அதுவரைக்கும் நாங்களும் மூச்சுவிடாமல் காத்திருந்தோம்.

மறுநாள் அப்பா ஸ்விட்சைப் போட்டார். பெட்டி ஒரு உதறு உதறி, முனக ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு மூன்று விரல் அளவு திறந்து, தூணில் 'டொக்'கென்று இடித்து நின்றது. அந்த மூலையில் பெட்டியைத் திருப்ப இடமில்லை, வீட்டில் வேறு மூலையும் இல்லை.

புடவைக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. திறக்கிற கதவு கிடையாது. நெய்கிறவர் கை அதை மட்டும் அளக்கவில்லை.

"நல்லா அளந்தீங்க போங்க" என்றாள் அம்மா.

"தூணத் தள்ளி நட்டுக்கலாம் அண்ணா" என்றாள் அத்தை.

"பாவ அவுத்தா இழுப்பு போயிடும். திரும்பக் கட்னா பொடவைல குறுக்கால கோடு வுழும். முகூர்த்தப் பொடவ, எவன் வாங்குவான்? இந்தப் பாவுல கீற மூணு பொடவையும் எறங்கட்டும், அப்பறம் பாக்கலாம்."

அப்பாவின் கை மணிக்கட்டோடு நின்றது. அம்மாவின் வளையல் தடுத்தது. அத்தை முழங்கைவரை விட்டுப் பார்த்து, சிராய்த்துக்கொண்டாள். என்னைக் கூப்பிட்டார்கள். என் கை குச்சி மாதிரி இருக்கும். தோள்வரைக்கும் போய்விட்டது.

உள்ளே மார்கழி இருந்தது. ஒற்றைக் கண்ணை இடுக்கில் வைத்தால் மஞ்சள் வெளிச்சமும், வெள்ளையாகப் புகையும் தெரியும். கதவைச் சாத்தித் திறந்தால் விளக்கு எனக்கு முன்னாலேயே எரிந்துகொண்டிருக்கும். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "உள்ள யாருடி ஒக்காந்துகினு வௌக்கு ஏத்துறது?" என்று கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால்கூடத் தலைகுனிந்து நிற்பவள் நான். இப்போது காலையும் மாலையும் அத்தை, "வாம்மா, ஃபிரிட்ஜ்காரம்மா" என்று கூப்பிடுவாள். தெருப் பிள்ளைகள் பின்வாசலில் நின்று பார்ப்பார்கள். நான் கைவிட்டு மருந்துக் குப்பியை எடுத்துக்கொடுப்பேன். குத்தி முடித்ததும் வாங்கி உள்ளே வைப்பேன்.

மேலே ஒரு சின்ன அறை இருப்பதைக் கை கண்டுபிடித்தது. அங்கே தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் ஒரு சாமி இருந்தால் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம், அத்தைக்கு நல்லது செய்வதாக எண்ணி, இருந்த இரண்டு குப்பிகளையும் அந்த அறைக்குள் வைத்தேன்.

காலையில் எடுத்துக்கொடுத்தேன். அத்தை குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மருந்து கல்லாகி வெளுத்திருந்தது.

"எங்க வெச்ச கண்ணு?"

மேலே கைகாட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அண்ணா, ரெண்டும் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார். அவர் திரும்பும்வரை அத்தை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள். நான் ஃபிரிட்ஜின் மீது சாய்ந்து நின்று, "உள்ள கீறவங்களே, எங்க அத்தைய ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உச்சிவெயிலில் அப்பா வந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்கில் புதுக் குப்பிகள். அத்தை ஊசி போட்டுக்கொண்டு, சுவரோடு சாய்ந்து கண்மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் தெளிந்ததும், மிச்சத்தை உள்ளே வைக்க நான் கையை நீட்டினேன். அப்பா கொடுக்கவில்லை. என் கையைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். நேராகத் தூணருகே போய்க் கயிற்றின் முடிச்சில் கைவைத்தார்.

"இன்னாங்க பண்றீங்க? பொடவ பாதிகூட வரல" என்று அம்மா பதறினாள்.

"ஒரு உசுர கொழந்த கையில குடுத்துட்டு நான் இன்னாத்த நெய்யறது?"

கயிறு அவிழ்ந்தது. விறைத்து நின்ற அரக்குப் பட்டு தொய்ந்து கீழே இறங்கியது. தரையில் படாமல் அம்மா முந்தானையை விரித்துத் தாங்கினாள். அப்பா கடப்பாரையால் தூணைப் பெயர்த்தார்.

"நீ தொற" என்றார் அத்தையிடம்.

கதவு முழுக்கத் திறந்தது. அத்தனை வெளிச்சம்! கண்ணாடித் தட்டுகள், காய்கறி வைக்கும் பெட்டி, முட்டை வைக்கக் குழி குழியாய் ஒரு வரிசை, எங்கள் பாதங்கள்மேல் இறங்கிவந்த குளிர். அத்தை தன் கையாலேயே குப்பிகளை வைத்துவிட்டு, சாத்தாமல் நின்றாள். பின்வாசலில் நின்ற பிள்ளைகள் "ஹோ"வென்று கத்தினார்கள்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். மருந்து கெட்டதற்காக அழுகிறேன் என்று அம்மா கண்ணைத் துடைத்துவிட்டாள். இனி யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதற்காகத்தான் அழுதேன்.

எல்லோரும் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தொய்ந்த பட்டைக் கைநிறைய அள்ளி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை அதிசயம் பின்னால் திறந்து கிடக்கும்போது, இவர் ஏன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.