குளிரறைக் கதவோரம்

கதவை முழங்கையால் இடித்துத் திறந்து, குளிரறைக்குள் தலையை மட்டும் நீட்டி, "எல்லாரும் ஒழுங்கா இருக்கீங்களாடி?" என்று லில்லிப் பூக்களை அதட்டுவார் அக்கா. பதில் வந்தது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். நாங்கள் அந்த அறைக்குள் போவதென்றால் வாசல் கொக்கியில் தொங்கும் தடித்த ஜெர்கினை மாட்டிக்கொள்வோம். மாட்டிக்கொண்டும் பல் கிட்டிக்க, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக வெளியே வருவோம். அக்கா ஜெர்கினைத் தொடமாட்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுப் போவார். போனால் லேசில் திரும்பமாட்டார்.

"பனிக்கரடி உள்ள போயிருக்கு. வெளிய வந்ததும் யாராச்சும் ஒரு மீனத் தூக்கிப் போடுங்க" என்பாள் ரிப்பன்காரி. பூங்கொத்துகளுக்கு ரிப்பன் கட்டுகிறவள். அவள் கை எவ்வளவு நேர்த்தியோ வாய் அவ்வளவு மோசம். அவள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. வண்டிக்காரர்கள்கூட "கரடியக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்காவும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்க்கிறார்.

எங்களுடையது பூக்கிடங்கு. இங்கிருந்துதான் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் துக்க வீடுகளுக்கும் பூ போகிறது. நடுவில் நீளமான எவர்சில்வர் மேசை. முள்ளும் இலையும் உருவுவது என் வேலை. எதிர்ப்புறம் நின்று காம்பு வெட்டுவது அக்கா. கைப்பிடியில் துணி நாடா சுற்றிய சின்னக் கத்தி ஒன்று வைத்திருக்கிறார். காம்பைத் தண்ணீருக்குள் பிடித்து, சாய்வாக ஒரே இழுப்பு. மூக்குக் கண்ணாடியைப் பூக்கட்டும் பச்சைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அதையே தேடி மேசையைப் புரட்டிப் போடுவார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். "வாயத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?" என்று என்னைத் திட்டிக்கொண்டே மாட்டிக்கொள்வார்.

மேசையில் குளிரறைக் கதவை ஒட்டிய முனை அவருடையது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் அங்கே மட்டும் ஒரு வீச்சு சில்லென்று அடிக்கும். புதிதாக வந்தவர்கள் தெரியாமல் அங்கே நின்றுவிட்டால் போச்சு. "அது என் இடம்! எழுதி ஒட்டினாத்தான் தெரியுமா?" என்பார்.

எதிரில் நிற்பவளுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படும். அக்காவின் மேலுதட்டில் முதலில் வேர்வை அரும்பும். பிறகு கழுத்து, நெற்றி எல்லாம் மழையில் நனைந்தது போல ஆகிவிடும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அது வடிந்து, தோள் நடுங்கும். மற்றவர்கள் கண்டது அவருடைய கோபத்தை மட்டும்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தையும் நழுவிவிடும். "அந்த... அத எடு... கட்டுவோமே, அது" என்று கையால் சுற்றிக் காட்டுவார். ரிப்பன்காரிக்குக் கேட்கவா வேண்டும்? "என் பொழப்பையே மறந்துட்டியேக்கா!" என்று சிரிப்பாள்.

தேநீர் வேளையில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் மட்டும் சொல்வார். "படுத்தா போதும், உள்ள யாரோ அடுப்பப் பத்த வச்ச மாதிரி இருக்கு. எழுந்து ஜன்னலத் திறப்பேன், ஃபேன வேகமா வைப்பேன். அவரு பாவம். தலைக்குக் கம்பளித் தொப்பி, காலுக்கு சாக்ஸ், ஆமை மாதிரி போர்வைக்குள்ள பூந்துக்குவாரு. அப்பப்போ மூஞ்சிய மட்டும் நீட்டி, 'விட்டுடுச்சா?'ன்னு கேப்பாரு. என்னமோ மழை பெய்யுற மாதிரி." வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் தூக்கம் வேண்டும். ஆனாலும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும்.

அப்படி வேர்த்துத் தடுமாறிய ஒரு சமயத்தில்தான் ஒரு தவறு நடந்தது. ஒரே வண்டியில் போக வேண்டிய இரண்டு பெட்டிகளின் சீட்டுகளை அக்கா மாற்றி ஒட்டிவிட்டார். துக்க வீட்டுக்கான வெள்ளை மலர்வளையம் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மணப்பெண் கையில் பிடிக்க வேண்டிய இளஞ்சிவப்புப் பூங்கொத்து, துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் போய் இறங்கியது. இரண்டு வீட்டாரும் தொலைபேசியில் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர் கத்தவில்லை. அதுதான் மோசம். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கத்தியக் குடுத்துட்டு வாளி கழுவுற பக்கம் போயிடுங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அக்கா என்னிடம் சொன்னார். "எங்கம்மா கடைசில என்னையே யாருன்னு கேட்டுச்சு. அதுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல வார்த்த போச்சு, அப்புறம் ஆளுங்க போனாங்க. எனக்கும் மூளை கழண்டுட்டு வருதோ என்னவோ. அவர்கிட்டகூட சொல்லல. உன்கிட்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லு."

அடுத்த சில நாட்களில் கத்தி நழுவி அக்காவின் இடது உள்ளங்கையைக் கிழித்தது. பக்கத்துக் கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். தையல் போட்டுக்கொண்டே டாக்டரம்மா, "ராத்திரி தூக்கம் எப்படி?" என்று கேட்டார்.

"தூக்கமா? நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களா? பாத்தா நான் தேடுறேன்னு சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்தார், ஆனால் விடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "சனியன் விட்டுதுன்னு இருந்தேன்" என்றார் அக்கா. வேர்வை, படபடப்பு, கோபம், மறதி எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

பெரிய பெரிய பெயர்கள் எனக்கு எழுத வராது. புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பில் ஹார்மோன் குறைகிறது. அதனால் பலருக்கு இப்படி அனல் அடிக்கிறது, தூக்கம் கெடுகிறது. தூங்காத தலை தடுமாறத்தான் செய்யும். குறைந்ததைக் கொஞ்சமாக வெளியிலிருந்து கொடுக்கச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா, ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறதா, கல்லீரல் எப்படி, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அக்காவுக்கு எல்லாம் பார்த்தார்கள். பிறகு இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ள, தோல் வழியாக மருந்து இறங்கும் மெல்லிய பட்டை ஒன்று, கர்ப்பப்பை இருப்பதால் அதன் பாதுகாப்புக்குப் படுக்கும்போது விழுங்க ஒரு மாத்திரை.

"இதுக்கு வைத்தியம் இருக்குன்னு இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலையே டாக்டரம்மா?"

"நீங்க யாரையாச்சும் கேட்டீங்களா?"

"இதெல்லாம் போய் யாருகிட்ட கேக்குறது!" என்றவர், தன்னிடம்தான் சொல்லிக்கொண்டது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. சில வாரங்கள் போயின. ஒரு காலையில் கிடங்குக்குள் நுழையும்போதே கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். "நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்டி! அவரு பயந்துட்டாரு. மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாத்திருக்காரு!" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அன்று வெட்டிய ஒவ்வொரு காம்பையும் வாளியில் நிறுத்தும்போது ஏதோ முணுமுணுத்தார். காது கொடுத்துக் கேட்டேன். "நல்லாயிரு, நல்லாயிரு" என்பதுதான்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. கல்யாணப் பெட்டிகளை மறுபடி அவரிடமே கொடுத்தார் சூப்பர்வைசர். "கல்யாணம் எந்தப் பக்கம், சாவு எந்தப் பக்கம்னு ஒப்பிக்கட்டுமா சார்?" என்று அக்காவே கேட்டார்.

ஒரு நாள் கிடங்கில் தலைக்கு மேல் வேலை. சூப்பர்வைசர் நடந்துகொண்டிருந்தவர் நின்று, காலைத் தூக்கி, செருப்பின் அடியிலிருந்து கண்ணாடித்தாள் மாதிரி எதையோ பிய்த்தெடுத்தார். "லேபிள யாரு தரையில போடுறது?"

அக்கா இடுப்பைத் தடவிப் பார்த்தார். கத்தியை வைத்தார். "சார், அது லேபிள் இல்ல. என் தூக்கம். குடுங்க இங்க."

கொடுப்பதா, கீழே போடுவதா என்று தெரியாமல் விரல் நுனியில் அதை வைத்துக்கொண்டு நின்றார் சூப்பர்வைசர். அக்கா வாங்கி, ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துக் குப்பையில் போட்டார். பிறகு, வேறு ஏதோ சாமான் பற்றிச் சொல்வது போல, எது நின்றது, என்ன செய்தது, இது எதற்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லிமுடித்தார். வண்டிக்காரர் ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்புல ஸ்டிக்கர் ஒட்டினா தூக்கம் வருமாமே! கலர்ல கெடைக்குமாக்கா?" என்றாள் ரிப்பன்காரி.

"கெடைக்கும். உன் வாய்க்கு ஒண்ணு வாங்கியாறேன்."

அன்று மாலை, எல்லாரும் கிளம்பும்போது, சூப்பர்வைசர் அக்காவிடம் வந்து நின்றார். "எங்க வீட்டுலயும் ஜன்னல் தெறந்துதான்கா கெடக்கு. அந்த டாக்டர் எங்க இருக்காங்க?" அக்கா கையில் வைத்திருந்த பூவை அவரிடம் திணித்து, வழி சொன்னார். அதற்குப் பிறகு பொட்டலம் கட்டுகிற பெண்ணும் கேட்டாள். கணக்கு பார்க்கிற அம்மாவும் கேட்டார். அந்த அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்திருந்ததால் டாக்டர் இதைக் கொடுக்கவில்லை; வேறு மாத்திரை எழுதினாராம். அதற்கும் அக்காதான் கூடப் போய்விட்டு வந்தார்.

போன வாரம் மணப்பெண் பூங்கொத்துக்கு ரிப்பன் சுற்றிக்கொண்டிருந்த ரிப்பன்காரி, ரிப்பன் நுனியாலேயே மேலுதட்டைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் அட்டைப்பெட்டி மூடியை எடுத்து விசிற ஆரம்பித்தாள். "இந்த ஃபேன ரிப்பேர் பண்ண மாட்டாங்களா?" என்று யாரிடமோ எரிந்து விழுந்தாள். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பழைய பாக்கி எல்லாம் இப்போது ஒரே வார்த்தையில் தீரப் போகிறது என்று நான் இலை உருவுவதை நிறுத்திவிட்டேன். அக்கா கத்தியைக் கழுவித் துடைத்தார். தன் வாளியைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறுமுனைக்குப் போய் வைத்தார். திரும்பி வந்து ரிப்பன் உருளைகள் இருந்த பெட்டியை மேசைமேல் தள்ளிக்கொண்டே போய், கதவோரம் இருந்த தன்னுடைய இடத்தில் நிறுத்தினார். கொக்கியிலிருந்து ஜெர்கினை எடுத்து, தூசி போக உதறி மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். பிறகு குளிரறைக் கதவை முழங்கையால் இடித்துத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு காலி வாளியை முட்டுக் கொடுத்தார்.