ஜன்னலில் ஓர் உள்ளங்கை

பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸின் முதுகுப் பக்கம் போகும் சத்தத்தை அங்கேயே அடக்கினால் என்ன என்ற யோசனை, அந்த நர்ஸிடம் திட்டு வாங்கும்போதுதான் வந்தது. இராஜபாளையம் பொருட்காட்சியின் முதல் நாள் கச்சேரிக்கு ஒலி அமைத்தவன் நான். மேடைக்குப் பின்புறம் அவர் வேலை பார்க்கும் பிரசவ ஆஸ்பத்திரி. பச்சைப் பிள்ளைகள் எல்லாம் விழித்துவிட்டன.

நர்ஸுக்கு நெடிய உருவம், இறுக்கிய கொண்டை. பேசும்போதும் ஒரு கை ஜன்னல் கண்ணாடியிலேயே இருக்கும், அதிர்கிறதா என்று.

லேப்டாப்பில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்னொரு பாக்ஸைப் பின்பக்கம் திருப்பி, அதன் ஒலி அலையைத் தலைகீழாக்கிச் சற்றுத் தாமதித்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து இந்தப் பக்கம் பேஸ் அடங்கிவிடும்.

“இன்னொரு பாக்ஸ் வச்சாச் சத்தம் கொறையுமாக்கும்? யாருகிட்ட தம்பி கத விடுத? நாளைக்கு இந்தக் கண்ணாடி ஆடுச்சு, ஒயரப் புடுங்கிருவேன்.”

“புடுங்குங்கக்கா.”

மறுநாள் மாலை பாக்ஸை அப்படியே திருப்பி வைத்தேன். முதல் பாட்டே குத்துப்பாட்டு. திடலே ஆடியது. ஆஸ்பத்திரி ஜன்னலில் வைத்த கையை நர்ஸ் வெகு நேரம் எடுக்கவேயில்லை.

“பெரிய பாக்ஸ இன்னும் போடலையா?”

“மூணு பாட்டா ஓடுதுக்கா.”

அவர் மெல்லத் திரும்பித் தொட்டில்களைப் பார்த்தார். எல்லாம் உறக்கம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு குறுகலான தெருவில் கச்சேரி. இருபக்கச் சுவரும் ஒலியைத் திருப்பியடிக்கும். அதையும் கணித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அங்குள்ள வீட்டு ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்க அவரை அழைத்தேன்.

“டூட்டி இல்லன்னா வாரேன்” என்றிருக்கிறார்.