நீல மருந்தும் பாதி மிட்டாயும்

குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளை நோகடித்துவிட்டேனா? 

பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. ஈறுக்கடியில் கிருமிகள் படலமாக ஒட்டியிருப்பதாகப் பல் டாக்டரம்மா சொன்னார். எச்சில் வழியாக அது என் நாலு வயது மகளுக்குப் போய்விடுமோ என்று பயந்தேன். அவளோடு ஒரே தட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். முத்தம் கேட்டு வந்தாலும், "எச்சில், வேணாம்" என்று விலக்கினேன்.

போன வாரம் கதிர்காமத்தில் அவருடைய கிளினிக்கில் பல்லைச் சுத்தம் செய்து, ஈறுக்குள் நீல மருந்து விட்டு, அதன்மேல் சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள். ஒளி பட்டால் அந்த மருந்து கிருமிகளைக் கொல்லுமாம். வலிக்கவில்லை.

"இனிமே கொழந்தைக்கு ஒட்டாதில்ல, டாக்டர்?"

"லைட்டு மட்டும் போதாதும்மா. ஒழுங்கா வெளக்கலன்னா படலம் திரும்ப வரும். அதுக்காகக் கொழந்தைய ஒதுக்கி வைக்காதீங்க."

வெளியே என் கணவரோடு காத்திருந்த மகள் நீலம் ஒட்டியிருந்த என் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"மை குடிச்சிட்டியாம்மா?"

பிறகு கடலை மிட்டாயைக் கவுன் நுனியால் மூடிக் கடித்து, பாதியை நீட்டினாள்.

"காக்காக் கடிம்மா. என் எச்சில் படவே இல்ல. சாப்புடு."

தன் எச்சில்தான் அழுக்கு என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். வாங்கிச் சாப்பிட்டேன். நோய் என் வாயில்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை; இப்போதும் எதையும் துணியால் மூடித்தான் கடித்துத் தருகிறாள்.

நாலு வயதுக்குப் புரிகிற மாதிரி இதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.