கொசுவுக்கு வைத்த கிண்ணம்

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரே கொசு. மருந்து அடிக்க மனமில்லாமல், பாக்குமட்டைக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிச் செடிகளுக்கிடையே வைத்தேன். கொசு அதில் முட்டையிடும். முட்டை பொரிந்த புழுக்கள் கொசுவாகிப் பறக்கும் முன், நான்கு நாளுக்கொருமுறை வெயிலில் கொட்டிவிடுவேன். நன்றாகவே பலன் கிடைத்தது.

போன மாதம் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கோலார் போனவர்கள் ஒரு வாரம் தங்கிவிட்டோம். கிண்ணங்களை மறந்தே போனேன். திரும்பிய மறுநாள், டெங்கு சோதனைக்கு வந்த சுகாதார ஊழியப் பெண் ஒரு கிண்ணத்தில் டார்ச் அடித்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"என்னம்மா, கொசுப் பண்ணை நடத்துறீங்களா?"

"ஐயோ, மாடி வீட்டுல கைக்குழந்தை இருக்கே!" என்றேன்.

"பயப்படாதீங்க, எல்லாம் புழுவாத்தான் இருக்கு. இன்னும் பறக்கல" என்று சிரித்தார். இருவருமாக அத்தனையையும் வெயிலில் சுட்ட சிமெண்ட் தரையில் கவிழ்த்தோம்.

இப்போது ஊருக்குக் கிளம்பினால், பெட்டி கட்டும் முன்பே கிண்ணங்களைக் கிழித்து உரத்தொட்டியில் போட்டுவிடுகிறேன். ரோஜாவுக்காவது ஆகட்டும்!