பீங்கான் உடைக்கும் கடை

ஆலங்குடாவில் அந்தக் கடை உடைப்பதற்கென்றே பீங்கான் தட்டுகளை விற்றது. கோபத்தோடு வருகிறவர்கள் ஒன்றை வாங்கி, யார்மேல் கோபமோ அவருடைய பெயரை உரக்கச் சொல்லிப் பின்சுவரில் எறிய வேண்டும். இலாபம் முழுவதும், புருஷன்மாரிடம் அடிவாங்கி ஓடிவந்த பெண்கள் தங்கும் வீடொன்றுக்குப் போனது.

கடையை நடத்திய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். முக்காட்டுக்குள் தாடை ஒருபக்கம் கோணியிருந்தது. எந்தப் பீங்கானையும் சாரி நுனியால் துடைத்துத்தான் கையில் கொடுப்பார்.

நான் போயிருந்த அன்று ஒருவன் துடுப்போடு உள்ளே பாய்ந்தான்.

"என்ட பொஞ்சாதி எங்க? எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

துடுப்பை ஓங்கி அடித்தான். கண்ணாடி அலுமாரி சரிந்து நொறுங்கியது. தெறித்த சில்லொன்று அவருடைய நெற்றியைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தும் அவர் நகரவில்லை. இன்னொரு பீங்கானை எடுத்துத் துடைத்து அவனிடம் நீட்டினார்.

"இந்தாங்க மகன், இதையும் உடைங்க. பீங்கான் இன்னம் கிடக்கு. அவட பல்லுதான் திரும்ப முளைக்காது."

அதையும் உடைத்தான். அடுத்ததையும் வாங்கி உடைத்தான். அவர் துடைத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கை ஓய்ந்து, துடுப்பைப் போட்டுவிட்டு வெளியே போனான்.

பிறகு அவர் எனக்கான பீங்கானைத் துடைத்துத் தந்தார்.

"சொல்லுங்க, யாருட பேரு?"

வீட்டிலிருந்து புறப்படும்போதே என் மனைவியின் பெயரை நாக்கில் வைத்திருந்தேன். இப்போது அது வெளியே வரவில்லை.

அவனைப் பார்த்த அதே கண்ணால் அவர் என்னையும் பார்த்தார்.